கண்ணாடி அலமாரியின் சாவி: எங்கள் ஊர்க் கோவில் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், குழுவில் இருக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

கோவிலின் பின்மண்டபத்தில், சாயங்காலத் தமிழ் வகுப்புக்குப் போட்டிருக்கும் பெஞ்சுகளுக்குப் பின்னால், பழைய தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கிய ஒரு கண்ணாடி அலமாரி நிற்கிறது. அதன் சாவியைக் கேட்டு இரண்டு முறை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் பதில் வரவில்லை. அதனால்தான் ஊரார் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்குக் காது குத்தியது இந்தக் கோவிலில்தான். என் பிள்ளைகள் முதல் காவடி எடுத்ததும் இங்கேதான். அந்த உரிமையில் வரும் கோபம் இது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். 27 ஆண்டு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். உங்களில் சிலரின் பிள்ளைகள் என்னிடம்தான் 'அ' எழுதினார்கள். எனக்கு மார்பகப் புற்றுநோய் என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, இப்போது நானே சொல்லிவிடுகிறேன். நம் மொரிஷியஸ் தீவில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதல் கீமோவுக்குப் போன அன்று, நான்கு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னதால் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ரோஜா சர்பத் நிறத்தில் ஒரு மருந்து, டாக்சோரூபிசின் என்று பெயர், குழாய் வழியே கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பயந்து புத்தகத்தைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா ஒருவர், ரோஸ் பெல்லிலிருந்து வந்தவர், என் புத்தகத்தையே பார்த்தபடி இருந்தார். பிறகு நம் தீவுப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "தமிழா அது? கொஞ்சம் சத்தமாகப் படியேன், எனக்கும் கேட்கட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை எங்களுக்கு ஒரே நாளில் ஊசி விழுந்தது. அடுத்த முறை போனபோது கத்ர் போர்னிலிருந்து இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவள். ஆறாம் வகுப்போடு தமிழை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அப்புறம் மஹேபூரிலிருந்து ஒரு கிரியோல் பெண். அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. நான் ஒரு பத்தி படிப்பேன், ரோஸ் பெல் அக்கா அதைக் கிரியோலில் சொல்வார். அவர் சொல்லும்போது சோழநாட்டு வீரன் மஹேபூர் மீனவன் மாதிரி பேசுவான். அந்த வார்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்பு கேட்டதில்லை என்று நர்ஸ் ஒருவர் சொன்னார்.

மஹேபூர்க்காரி ஒருநாள் தன் வீட்டு 'ப்ரெட் முரூம்' கொண்டுவந்து கொடுத்தாள். முருங்கைக்கீரை. "முரூம் என்பது எங்கள் முருங்கைதான், நீ பிறந்ததிலிருந்து தமிழ் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய்" என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

இந்தச் சிகிச்சை படிப்பை என்ன செய்யும் என்பது அனுபவிக்காதவர்களுக்குத் தெரியாது. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும். இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்போம். அடுத்து வந்த பக்லிடாக்சல் மருந்தால் என் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு தாளைப் புரட்டினேனா மூன்றைப் புரட்டினேனா என்று கைக்குத் தெரியாது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையால் கனமான புத்தகத்தை வெகுநேரம் பிடிக்க முடியாது, தலையணை வைத்துத்தான் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட மோசமானது மறதி. பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போயிருக்கும். 27 ஆண்டு பாடம் நடத்தியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இனிமேல் நான் படிக்கவே மாட்டேன் என்று அழுதேன்.

அழுததைக் கேட்டு ரோஸ் பெல் அக்கா சொன்னார்: "நீ ஏன் எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டும்? நாலு பேர் இருக்கிறோம் இல்லையா." அப்படியே செய்தோம். ஆட்களின் பெயர் கத்ர் போர்ன் தங்கைக்கு நினைவிருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்பது அக்காவுக்கு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குதிரை போகிறது என்பதை மஹேபூர்க்காரி படமே வரைந்து வைத்திருந்தாள். எனக்கு எழுத்து தெரியும், அவ்வளவுதான். நான்கு பேரும் சேர்ந்தால் ஒரு முழு வாசகி. தனியாக யாராலும் அந்தக் கதையைப் பிடித்திருக்க முடியாது.

அந்த நாவல் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் அடுத்தது என்ன ஆகுமோ என்று தவிக்கவிட்டு நிற்கும். எங்களுக்கு அது மருந்து போல ஆயிற்று. முன்னால் போய்ப் படிக்கக் கூடாது என்று நால்வரும் சத்தியம் செய்துகொண்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்திக்குத் தூக்கம் வராவிட்டால் குழுவில் ஒரு செய்தி போடுவாள். விழித்திருப்பவள் யாரோ அவள் ஏற்கெனவே படித்த அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் குரலில் பதிந்து அனுப்புவாள். தங்கை எழுத்துக் கூட்டிப் படித்து அனுப்பிய பதிவுகள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் நடுவில் அவள் தமிழ் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும்.

சரி, அலமாரிக்கு வருகிறேன்.

என்னிடம் இருந்தவை முதல் இரண்டு பாகங்கள் மட்டும். இரண்டாம் பாகம் முடியும் தறுவாயில் ரோஸ் பெல் அக்கா சொன்னார், அவர் பிறந்து வளர்ந்தது நம் ஊரில்தான் என்று. அவருடைய அம்மா சென்னையிலிருந்து வரவழைத்த ஐந்து பாகங்களையும் நம் கோவிலுக்குக் கொடுத்தாராம். முதல் பக்கத்தில் அம்மா தன் பெயரைத் தமிழில் எழுதியிருப்பார் என்றும், தன் அம்மாவின் கையெழுத்து வேறு எந்தத் தாளிலும் வீட்டில் மிச்சமில்லை என்றும் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தார். மூன்றாவது வரிசை, இடதுபக்கம். மூன்றாம் பாகமான 'கொலை வாள்' முதுகுப் பக்கம் தெரிய நின்றது. கண்ணாடியில் கை வைத்து நின்றார். சாவி கேட்டோம். விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னீர்கள். காவடி வேலை முடிந்ததும் குழு கூடும் என்றீர்கள்.

காவடி முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

சாவி தராததால் அவர் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. மூன்றாம் பாகம் அவருக்குக் கிடைக்காமலும் போகவில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என் மகன் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தான், ஃபோன் திரையைப் பார்த்தால் அக்காவுக்குக் குமட்டும் என்பதால். முதல் ஆறு அத்தியாயங்களைக் கேட்டார். ஆனால் அவர் கேட்டது அம்மா எழுதிய பெயர் இருக்கும் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடிக்க. அது அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், கண்ணாடிக்குப் பின்னால், யாரும் தொடாமல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நீங்கள் சொன்ன காரணங்களை நான் மறக்கவில்லை. முன்பு வெளியே கொடுத்த புத்தகங்கள் திரும்பி வரவில்லை என்றீர்கள். உண்மை, எனக்கும் தெரியும். ஒரு நோட்டுப் போடலாம், பெயர், ஊர், தேதி, ஃபோன் எண். பொறுப்பை நான் ஏற்கிறேன். பள்ளிக்கூட நூலகத்தை வருடக்கணக்காகப் பார்த்தவள்தான்.

செயலாளர் ஐயா கேட்டது இன்னும் நியாயமான கேள்வி: பழைய புத்தகத் தூசி உங்கள் உடம்புக்கு ஆகுமா? ஆகாது ஐயா, நீங்கள் கேட்டதற்கு நன்றி. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை எங்கள் ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. நம் ஊர் ஈரத்தில், புயல் மாதங்களில், பூட்டிய அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு வருடம் இன்னும் பூட்டி வைத்தால் நாங்கள் மட்டுமல்ல, யாருமே தொட முடியாமல் போகும். சுத்தம் செய்யும் வேலைக்கு எங்கள் மகள்களும் மருமகள்களும் வருவார்கள். முகக்கவசம் போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் காற்றாட வைப்பார்கள். பூஞ்சை ஏறிப்போனதை நாங்கள் எடுக்க மாட்டோம். நாட்டுடைமை ஆன எழுத்தாக இருந்தால் பெரிய எழுத்தில் புதிதாக அச்செடுத்துக்கொள்வோம்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வாசிப்புக் கூட்டத்துக்குப் பின்மண்டபம் வேண்டுமானால் தருகிறோம், அறிவிப்புப் பலகையில் மட்டும் நோயின் பெயரைப் போட வேண்டாம், சனங்கள் பயப்படுவார்கள் என்றீர்கள். எங்களுக்காக அர்ச்சனை செய்வதாகவும் சொன்னீர்கள். அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன், மனதார நன்றி. ஆனால் இந்த நோய் தொட்டால் ஒட்டாது. எங்கள் கைபட்ட புத்தகத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். கத்ர் போர்ன் தங்கை மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் "அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதைக் கேட்டே பழகியவள். மருத்துவமனையில் சிகிச்சைக்கு ஒரு காசு வாங்குவதில்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். அவளைத் தடுத்து வைத்தது பெயர் சொல்ல முடியாத கூச்சம்தான். கோவில் பலகையில் 'புற்றுநோய்' என்று எழுதியிருந்தால், வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வரும் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு எங்களில் யாரிடமாவது வந்து தனியாகக் கேட்பாள். அந்த ஒருத்திக்காகவாவது பெயர் இருக்க வேண்டும்.

நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புதிய நோட்டுகளில் அதை இந்திக்குக் கீழே தள்ளி வரிசையை மாற்றியபோது நம் சனங்கள் எப்படிக் கொதித்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நோட்டுகளைத் திரும்பப் பெறும்வரை விடவில்லை. நானும் அப்போது குரல் கொடுத்தவள், அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. நோட்டில் இருக்கும் அந்த ஒரு வரிக்காக அவ்வளவு பாடுபட்ட நாம், அலமாரியில் இருக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஈரத்துக்கு விடலாமா? கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியவை அவை. பழைய வார இதழ்களின் கட்டு ஒன்று மேல் வரிசையில் இருக்கிறது. கீழே சமையல் குறிப்பு, கோலப் புத்தகம். கீமோவில் வாயெல்லாம் இரும்புச் சுவை அடிக்கும்போது எங்களுக்குப் பிடித்துப் படிக்கக் கிடைத்தவை சமையல் குறிப்புகள்தான், நாக்குக்கு வராத ருசியைக் கண்ணாலாவது பார்க்கலாம் என்று. புளி ரசம் ஒன்றுதான் அப்போது உள்ளே போகும்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறதே, அங்கே தமிழ் நூல்கள் கிடைக்குமே என்று ஒரு பெரியவர் சொன்னார். கிடைக்கும். ஆனால் கதிர்வீச்சு ஆரம்பித்தால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம், தினம் போய்த் திரும்ப வேண்டும். படுத்திருப்பது சில நிமிடம், களைப்பு நாள் முழுக்க. அதற்கு மேல் இன்னொரு பஸ் ஏற உடம்பில் தெம்பு இருக்காது. கோவிலுக்கு எப்படியும் வருவோம்.

எங்கள் குழுவில் இப்போது ஒன்பது பேர். இரண்டு முஸ்லிம் பெண்கள், ஒரு சீனப் பாட்டி. பாட்டிக்குக் கிரியோலில்தான் கதை சொல்ல வேண்டும், ஆனால் அடுத்த அத்தியாயம் எப்போது என்று முதலில் கேட்பவர் அவர்தான். அக்காவின் இடத்தில் கிரியோலில் சொல்லும் வேலையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். அக்கா விட்ட இடம் அது. அவர் அம்மாவின் புத்தகத்திலிருந்துதான் அதைப் படிப்பது என்று எல்லோரும் முடிவு செய்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் பின்மண்டபப் படியில் இருப்போம். துடைக்கத் துணியும், முகக்கவசமும், கோடு போட்ட நோட்டும் கொண்டுவருகிறோம். அக்காவின் மகளும் ரோஸ் பெல்லிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டியின் கையெழுத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தமிழாசிரியை