பதினோரு நாள் காத்திருந்தேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் அறுவைக்குப் பிறகு அம்மா நடக்கத் தொடங்கிவிட்டார் என்ற வரியை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு நிம்மதி. உடனே பதில் எழுதும் நிலையில் நான் இல்லை. இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறேன், அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பார்வையற்றவர்களுக்கான ஒலிநூல் வேலையில் தன்னார்வலராகச் சேர்ந்ததைச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? வாசிப்பது நான் இல்லை. மற்றவர்கள் வாசித்த பதிவை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்டு, விடுபட்ட வரி, தவறான உச்சரிப்பு, நடுவில் விழுந்த இருமல் எல்லாவற்றையும் நிமிடம் நொடியோடு குறித்துக் கொடுப்பேன். காதில் ஹெட்ஃபோன், முன்னால் புத்தகம். மூன்று மணி நேரம் போவதே தெரியாது. இவ்வளவு பொருத்தமான வேலை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

பிரச்சினை மாதாந்திரக் கூட்டத்தில்தான் வந்தது. ஒருவர் வாசித்த பதிவில் 42 பிழைகள். "எப்படி இருந்தது?" என்று எல்லோர் முன்னாலும் அவரே என்னிடம் கேட்டார். நான் பட்டியலை எடுத்து முதலிலிருந்து படித்தேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வாடியது எனக்குத் தெரியவில்லை, பின்னால் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் பொறுப்பாளர், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, நாங்களே கூப்பிடறோம்" என்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு பதினோரு நாள் போனைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள்தான், 'இனி வர வேண்டாம்' என்பதைத்தான் அப்படிச் சொன்னாரோ என்று உறைத்தது.

அன்று இடிந்துபோனேன். சம்பளம் தரும் இடத்தில் ஒதுக்குவது வேறு. எதுவும் வேண்டாம், உழைப்பை மட்டும் தருகிறேன் என்று போன இடத்திலும் வேண்டாம் என்றால், நான் எங்கேதான் வேண்டியவள்? எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே 32 வயதில்தானே. அதற்கு முன் பட்ட ஒவ்வொரு ஒதுக்கலும் ஞாபகத்துக்கு வந்தது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

அதை அனுப்பாமல் தடுத்தது வெறும் அசதி. நான்கு நாள் பெரும்பாலும் இருட்டு அறையில் படுத்திருந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கூட்டத்துக்கு முந்தைய இரண்டு மாதமாகவே நான் தேய்ந்துகொண்டிருந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் அறை, கண்ணைக் குத்தும் விளக்கு, சிரிக்க வேண்டிய இடத்தில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பது. இப்படி இயல்பை மறைத்தே நாளை ஓட்டினால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வரும் நீண்ட சோர்வைத்தான் 'பர்ன் அவுட்' என்கிறார்கள். கைவந்த வேலைகூட கைவிட்டுப் போகும், சத்தமும் வெளிச்சமும் முன்னைவிடத் தாங்க முடியாமல் போகும். மனம் உடைந்தது என்று நான் நினைத்ததில் பாதி இந்தக் களைப்புதான். தூங்கி எழுந்த பிறகு மீதிப் பாதியை நேராகப் பார்க்க முடிந்தது.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரிதல் இரண்டு பக்கமும் தடுமாறுகிறது, ஆட்டிசம் உள்ளவர் மட்டுமே புரிந்துகொள்ளத் தெரியாதவர் அல்லர் என்பது அது. முன்பு இதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. இந்தமுறை அது நான் செய்ய வேண்டிய ஒரு வேலையாகவே தெரிந்தது. வாசித்தவரின் முகத்தை நான் படிக்கவில்லை, சரி. பொறுப்பாளரின் வாக்கியமும் எனக்குப் புரியும்படி இல்லையே. அப்படியென்றால் நான் கேட்கலாம்.

அதனால் பொறுப்பாளருக்கு மூன்றே கேள்வி எழுதினேன். நான் திரும்ப வரலாமா? எந்தத் தேதி? பிழைப் பட்டியலை யாரிடம், எப்படித் தர வேண்டும்? அனுப்பும்போது கை நடுங்கியது. இரண்டு நாளில் பதில் வந்தது. அன்று என்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் ஏதோ சொல்லி அனுப்பியதாக ஒப்புக்கொண்டிருந்தார். தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயம். இனி பட்டியலை வாசித்தவருக்கு மட்டும் எழுத்தில் அனுப்பினால் போதும், கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை, என்ன பேசினார்கள் என்பது எழுத்தில் வரும். அப்புறம், மனம் உடைந்திருக்கும் நாளில் எதையும் விட்டுவிடும் முடிவை எடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். ராஜினாமாக் கடிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

வாசித்தவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பிழைகளைச் சொன்னதற்காக அல்ல, எல்லோர் முன்னாலும் படித்ததற்காக. இன்னும் அனுப்பவில்லை. அவர் பதிலே போடாமல் இருக்கலாம், அந்தப் பயமும் இருக்கிறது.

படிக்கிற காலத்திலிருந்தே எதையும் என்னிடம் சுற்றிவளைக்காமல் சொன்னவள் நீ ஒருத்திதான். அந்த மன்னிப்புக் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எந்த வரி குத்துகிறதோ அதன் கீழே கோடு போட்டு அனுப்பு. சனிக்கிழமை ஏழாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி கேட்கத் தொடங்குகிறேன், அதற்குள் கிடைத்தால் நல்லது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தோழி