நான்கு கலங்கரை விளக்கங்களுக்கும் ஒரே டிக்கெட் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியுடன் மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போயிருந்தேன். வந்த கூட்டத்தில் முக்கால்வாசி நேராக லிஃப்டுக்குப் போய், மேலே நின்று கடலோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. கோபுரத்தடியில் இருக்கும் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நஷ்டம் அவர்களுக்குத்தான். எண்ணெய் விளக்கிலிருந்து மின்விளக்கு வரை வந்த கதை அங்கே இருக்கிறது. பேத்தியை நிறுத்திவைத்தது லென்ஸ். நாலாபுறமும் சிதறி வீணாகும் வெளிச்சத்தைக் கண்ணாடி வளையங்கள் வளைத்துத் திரட்டி, ஒரே கற்றையாகக் கடலுக்கு அனுப்புகின்றன. 1820களில் பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனல் கண்டுபிடித்த உபாயம் இது.

“இதற்கு முன்னால் எந்த விளக்கு இருந்தது, தாத்தா?” என்று அவள் கேட்டாள். பதில் சொல்லத்தான் முடிந்தது, கூட்டிப்போய்க் காட்ட முடியவில்லை.

மெரினா விளக்கு சென்னையின் நான்காவது விளக்கு. முன்னோடிகள் மூன்றும் இருந்த இடங்கள் இன்றும் இடியாமல் நிற்கின்றன. முதல் விளக்கை 1796இல் ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது கோட்டை அருங்காட்சியகம் இயங்கும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றினார்கள். தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டுவிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலை தாண்டிக் கரை சேர வேண்டும். (அந்தப் படகோட்டிகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

இரண்டாவது, 1844இல் ஒளிவிடத் தொடங்கிய கருங்கல் தூண். பல்லாவரத்துக் கல்லில் ஏறத்தாழ 125 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டது. இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் கம்பீரமாக நிற்கிறது. பக்கத்திலேயே நீதிமன்றக் கட்டடம் அதைவிட உயரமாக எழும்பிவிடவே, 1894இல் விளக்கு அதன் உச்சி மாடத்துக்குக் குடிபெயர்ந்தது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் ‘எம்டன்’ போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியதும் மூன்றாவதான இந்த மாட விளக்கின் காலத்தில்தான். 1977இல்தான் விளக்கு மெரினாவுக்கு வந்தது.

மெரினா, நீதிமன்றம், கோட்டை மூன்றும் ஒரே கடலோரப் பாதையில், சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஆனால் வழக்கு எதுவும் இல்லாதவர் நீதிமன்ற வளாகத்துக்குள் போவது லேசான காரியமல்ல. பாதுகாப்புக் கெடுபிடியின் அவசியம் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றத்துக்கு விடுமுறைதானே? மாதம் ஒரு ஞாயிறு, முன்பதிவு செய்தவர்களை அடையாள அட்டை பார்த்து, வழிகாட்டி ஒருவருடன் நான்கு இடங்களுக்கும் ஒரே டிக்கெட்டில் அழைத்துப் போகலாம். தூணின் உச்சிக்கு யாரையும் ஏற்ற வேண்டாம், அடியில் நின்று அண்ணாந்து பார்க்க விட்டால் போதும்.

குஜராத்தின் லோத்தலில் 77 மீட்டர் உயரத்தில் கலங்கரை விளக்க அருங்காட்சியகம் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். நல்லது, வரட்டும். சென்னையில் புதிதாக ஒரு செங்கல் கூட வைக்க வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத் துறையும் தொல்லியல் துறையும் நீதிமன்ற நிர்வாகமும் கலந்து பேசினால் போதும். அது கைகூடும்வரை, மற்ற மூன்று இடங்களையும் குறித்த சிறிய வரைபடம் ஒன்றையாவது மெரினா நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டுத் தரலாம்.

– ஒரு வாசகர், மயிலாப்பூர்