அக்யூட் என்றால் முற்றியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் சொல் விளக்கத்தில், 'அக்யூட் - முற்றிய, நாள்பட்ட. கட் என்ற சொல்லிலிருந்து வந்தது' என்று போட்டிருந்தீர்கள். திருத்தம் வரும் என்று மூன்று ஞாயிறு பார்த்தேன். வரவில்லை. உங்களுக்குத் தெரியாததா!

31 வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். டாக்டர் சீட்டில் அக்யூட் என்றிருந்தால் திடீரென்று வந்த நோய். குரோனிக் என்றிருந்தால்தான் நாள்பட்டது. கிரேக்கத்தில் குரோனோஸ் என்றால் காலம். அதற்காக அக்யூட் எல்லாம் லேசு என்று சொல்லவில்லை, மாரடைப்பும் அக்யூட்தான்.

'கட்'டும் இல்லை. லத்தீனில் அகுஸ் என்றால் ஊசி, அகூத்துஸ் என்றால் கூராக்கியது. ஊருக்கு ஊர் அக்குபஞ்சர் போர்டு தொங்குகிறதே, அதிலுள்ள அக்கு இந்த ஊசிதான். பள்ளிக்கூடத்துக் குறுங்கோணம் ஆங்கிலத்தில் அக்யூட் ஆனதும் முனை கூராக இருப்பதால்தான். குழந்தையைக் கொஞ்சும் 'க்யூட்'டும் அக்யூட்டின் தலையை வெட்டிச் செய்ததே. முதலில் அதற்குச் சூட்டிகை என்று பொருள். கட் நடந்தது அங்கேதான் ஐயா.

அந்த வாரம் என் அக்காவின் சீட்டில் 'அக்யூட் பிராங்கைட்டிஸ்' (மூச்சுக்குழாய் அழற்சி) என்று எழுதியிருந்தது. உங்கள் பேப்பரை நாலாக மடித்துச் சீட்டோடு பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காபி ஆறி ஆடை படிந்து கிடந்தது. "தம்பி, எனக்கு முத்திப்போச்சாமேடா" என்றார். நான் சொன்னதை நம்பவில்லை. பேப்பரிலேயே போட்டிருக்கிறதாம். பதினெட்டாம் நாள் இருமல் நின்றது. பயம் இன்னும் நிற்கவில்லை.

மேட்டூரில் மதகு தூக்கிய மறுநாளே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக எழுதியவர்கள்தானே நீங்கள்? கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆகும். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. எங்கள் செய்தி இன்னும் நாகை என்ற தலைப்பில்தான் வருகிறது. அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு வரியாக நறுக்கி, என் ஊரைக் குற்றாலம் என்று போட்டீர்கள். சரி, போகட்டும்.

அதே இடத்தில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், போதும். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் அக்கா கண்ணாடி இல்லாமலே படிப்பார்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
குத்தாலம் (இங்கே அருவி கிடையாது)