மண்சுவரை விடுங்கள், இறவாரத்தைப் பாருங்கள்

கொடைக்கானல் மலைப்பகுதியில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மேல்மலையில் மண்சுவர் வீட்டுக்கு அனுமதி கேட்டால், "தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு எரிந்தது. ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் சுவரைக் காட்டிக் கேட்கிறீர்கள். காட்டோரத்தில் பலகையிலேயே கட்டி நிற்கும் காட்டேஜ்களிடம் யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

களிமண்ணில் எரிய ஒன்றுமில்லை. சூடேறினால் முதலில் ஈரம் போகும். 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது துகளுக்குள் பிணைந்த நீரும் வெளியேறும். 900 டிகிரிக்கு மேல் போனால் அது சூளைச் செங்கல். இரும்புத் தூணோ 600 டிகிரியை நெருங்கும்போதே ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். வைக்கோல் கலந்த மண் பற்றாதா என்பீர்கள். கன மீட்டருக்கு 1700 கிலோவுக்குக் குறையாத மண்ணை, வைக்கோல் கலந்திருந்தாலும், எரியாப் பொருள் என்றே, கட்டடப் பொருள்கள் தீயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான ஜெர்மனியின் டின் (DIN) 4102 தரம் வகைப்படுத்தியது. இறுகிய மண்ணுக்குள் கிடக்கும் வைக்கோலுக்குக் காற்று எட்டாது. (வைக்கோல் மிகுந்த லேசான கலவை வேறு சங்கதி, அதன்மேல் கனமான மண்பூச்சு வேண்டும்.)

தீ வீட்டுக்குள் வருவது கூரை வழியாக. காற்றில் பறக்கும் கங்கு, சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாரத்தின் அடியிலும் ஓட்டு இடுக்கிலும் போய் உட்காரும். மலை வீட்டின் சிக்கலே இதுதான்: மழையிலிருந்து மண்சுவரைக் காக்க இறவாரம் நீளமாக வேண்டும், கங்கு தங்குவதும் அங்கேதான். தீக்குப் பயந்து அதைக் குறைத்தால் ஐப்பசி மழை சுவரைக் கரைத்துவிடும். நீளத்தில் கைவைக்காமல் அடிப்பக்கத்தை மூடச் சொல்லுங்கள். ரீப்பர் அடித்து, கோழிவலை கட்டி, மண்ணோ சுண்ணாம்போ பூசலாம். காற்றுத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை போதும். ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீப் பகுதிகளில் கேட்கும் அளவு அது.

நிலநடுக்கம் பற்றிய தயக்கம் தனி. அதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 13827 என்ற வழிகாட்டி 1993 முதலே இருக்கிறது.

எனவே "மண்சுவர்" என்று ஒற்றை வரியில் மனுவைத் திருப்பாதீர்கள். சுவரின் கனம், கூரைப் பொருள், இறவார அடைப்பு, வீட்டைச் சுற்றிச் சருகு அகற்றிய இடம் ஆகியவற்றைப் பார்த்துக் குறை எழுதுங்கள், திருத்தித் தருகிறோம். இன்னும் சந்தேகமென்றால் ஒன்பது அங்குல மண்சுவர் ஒன்றை எங்கள் செலவில் எழுப்புகிறோம். தீயணைப்புத் துறையினரை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் விறகு அடுக்கி எரியுங்கள். மறுபக்கம் வெப்பமானி வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலையில் மண்வீடு கட்டுவோர் சார்பில்