கேசிங் படம் வந்து சேர்ந்தது

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். நீ கணினியில் போட்டு அனுப்பிய பம்ப் கேசிங் படம், அதுதான் பம்பின் வெளிக்கூட்டுப் படம், கிடைத்தது. என் போனில் திறக்கவில்லை. கோவை கணபதியில் நம் பழைய பட்டறைக்கு எதிரே கணினியில் ஓடும் சிஎன்சி மெஷின் போட்டிருக்கிறானே, அவனிடம் கொண்டுபோனேன். நீ படம் போடும் ஃப்ரீகேட் மென்பொருளை அவனும் வைத்திருக்கிறான். படத்தை மௌஸால் சுற்றிச் சுற்றிக் காட்டினான். நத்தைக் கூடு போலச் சுருண்டு அகலும் அந்தப் பகுதியைத் தேக்கில் செதுக்கி எடுக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். "யார் போட்டது?" என்றான். என் மகள் என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. திறந்தால் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மாடலுக்கு அடியிலுள்ள கோட்டுப்படமான ஸ்கெட்சைத் திறந்து, குழாயை இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் வட்டத்தைப் பிடித்து இழுத்தான். அது அவன் கையோடு வந்துவிட்டது. அளவும், எது எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டும் முழுதாகப் போட்டிருந்தால் கோடுகள் பச்சையாகி அசையாமல் நிற்குமாம். உன்னுடையதில் பாதி வெள்ளையாகவே கிடக்கிறது. பார்வைக்கு வட்டம் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் இருக்க வேண்டும் என்று நீ எங்கேயும் சொல்லி வைக்கவில்லை. முதலில் அளவு போடு. மூலைகளை உருட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள். உருட்டிய பிறகு அடியிலுள்ள அளவை மாற்றினால் மேலே கட்டியதெல்லாம் குலைந்துபோகும் என்கிறான். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறதாம். குறைந்தாலும் நீ முதலில் அளவைப் போடு.

கூடவே அனுப்பிய வரைபடத் தாளைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்கு மேலே வைத்திருக்கிறாய். அமெரிக்கக்காரர்களின் வீடியோவைப் பார்த்துப் படிக்கிறாய் என்று நினைக்கிறேன். அது மூன்றாம் கோண முறை. நம் ஊரில் முதல் கோணம். மேல்தோற்றம் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வரும். தாளின் மூலையில் எந்த முறை என்ற குறியும் இல்லை. இந்தத் தாள் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்குப் போனால் தண்ணீர் வெளியேறும் வாய் வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் வந்து நிற்கும். இரும்பை ஊற்றிய பிறகு அதை அழிக்க ரப்பர் கிடையாது. மென்பொருளிலேயே முதல் கோணத்தைத் தேர்ந்துகொள்ள வழி இருக்கிறதாம், தேடிப் பார்.

வார்ப்பு இரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியை, அந்தப் பேட்டர்னை, அந்த அளவுக்குக் கூட்டித்தான் செய்ய வேண்டும். மணலிலிருந்து உருவ, பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு வேண்டும். பிறகு கடைசல் பிடிக்கும் முகங்களில் சில மில்லிமீட்டர் மிச்சம் வேண்டும். இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? எட்டாம் வகுப்பில், இரும்பு சுருங்குவதற்கு ஈடாக அளவுகளைக் கூட்டிப் போட்ட என் சுருக்க ஸ்கேலைச் சாதாரண ஸ்கேல் என்று எடுத்துப்போய், பத்து சென்டிமீட்டர் கோட்டை ஒரு மில்லிமீட்டர் நீளமாகப் போட்டு மதிப்பெண் இழந்தவள் நீ. அன்று டீச்சரிடம் சண்டைக்கே போய்விட்டாய். அந்த ஸ்கேலைப் பருப்புப்பொடியோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பருப்புப்பொடியைச் சோற்றில் போட்டுச் சாப்பிடு, வெறும் பொடியை நக்கிக்கொண்டு உட்காராதே.

படம் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு வந்தது. அதற்கு முந்தையதும் வேலை நாளில், நடு மத்தியானத்தில். உங்கள் அலுவலகத்தில் அந்த நேரத்தில் சொந்தமாகப் படிக்க விடுகிறார்கள் என்றால் நல்ல அலுவலகம்தான். சின்ன மாமா சென்னை வந்தபோது மதியம் அந்தப் பக்கம் போய் விசாரித்தாராம். அவர் எதையாவது அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வருபவர், உனக்குத் தெரியும். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உன் குரல் இறங்கியிருக்கிறது என்கிறாள். சளி பிடித்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

படிப்பதை அவசரப்பட்டு முடிக்காதே. எந்தப் பொருளானாலும் முதலில் காகிதத்தில் கையால் வரைந்து, அளவெழுதி, பிறகு கணினியில் உட்கார். கணபதிக்காரன் தன் பட்டறைக்கு இப்படி மாடல் போடத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டான். சும்மா காதில் போட்டு வைக்கிறேன், உன்னை வரச் சொல்லவில்லை. அளவைப் போட்டுக் கோடுகள் பச்சையானதும் மறுபடி அனுப்பு, அவனிடம் காட்ட வேண்டும்.

உன் அறை வாடகை 5ஆம் தேதி என்று ஞாபகம். கணக்கில் போட்டிருக்கிறேன். எதற்கு என்று அம்மா எதிரில் போனில் கேட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா