கரிமூட்டத்துக்கு முன்பே தொடங்கிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தான்சானியக் கடலோரத்து ஜராமோ மக்களைப் பற்றியும், தாருஸ்ஸலாம் நகருக்கு மேற்கே கிசராவே வட்டாரத்தில் உள்ள புகு, கசிம்சும்ப்வி காடுகளைப் பற்றியும் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சடங்குகளைப் பற்றிய பகுதி சிறப்பாக இருந்தது. ஆனால், கரிமூட்டம் போடும் உள்ளூர் மக்களே காட்டை அழித்தனர் என்று ஒரே வரியில் பழி போட்டு முடித்திருப்பது நியாயமாகப் படவில்லை.

இந்த வட்டாரத்தை 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையோடு இணைத்த பொருள்களில் முக்கியமானது, மண்ணுக்கடியில் கிடந்த கோபல் பிசின். என்றோ நின்று மடிந்த மரங்களிலிருந்து வழிந்து, புதைந்து, கல்லாக இறுகிப்போன அதனை ஜராமோக்கள் தோண்டியெடுத்துக் கடற்கரை வணிகர்களிடம் விற்றனர். அது சான்சிபார் வழியாக ஹாம்பர்க்குக்கும் சேலத்துக்கும் (நம் சேலம் அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுகம்) வார்னிஷ் காய்ச்சுவதற்காகக் கப்பலேறியது. மண்ணைக் கழுவி நீக்கியதும் நல்ல பிசினின் மேற்பரப்பு, இறகு பிடுங்கிய வாத்தின் தோலைப் போலப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். வணிகர்கள் அதைப் பார்த்தே உயர்ந்த சரக்கை அடையாளம் கண்டனர். அந்நாளில் காடு இம்மக்களுக்குச் சடங்குக்குரிய இடமாக மட்டுமல்லாமல், காசு தரும் இடமாகவும் இருந்தது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

ஜெர்மானியர் ஆட்சியில் நிலைமை தலைகீழாயிற்று. 1898இல் குடிசை வரி வந்தது. 1902 முதல் தாருஸ்ஸலாம் மாவட்டத்து ஊர்களில் பொது வயல் என்ற பெயரில் பருத்தி பயிரிடும்படி மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். காடுகளில் ஒரு பகுதி காப்புக்காடாக ஒதுக்கப்பட்டது. வேட்டைக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. ஆண்கள் கூலி வேலைக்கும் பருத்தி வயலுக்கும் போய்விட, காட்டுப்பன்றிகளிடமிருந்து உணவுப் பயிரைக் காக்கும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுந்தது. 1905இல் ஜெர்மானிய ஆட்சிக்கு எதிரான மாஜி மாஜி எழுச்சி ஜராமோ ஊர்களுக்கும் பரவியதில் இந்த வயிற்றெரிச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதையொட்டி, கிசாங்கிரே என்ற ஊரின் ஜராமோ தலைவர் கிபாசிலா தூக்கிலிடப்பட்டார். காட்டின் மீதிருந்த உரிமை அதன்பின் அம்மக்களிடம் திரும்பவேயில்லை. விடுதலைக்குப் பிறகும் அவை அரசின் காப்புக்காடுகளாகவே நீடித்தன.

தாய்வழியில் குலத்தை எண்ணும் இம்மக்களிடையே, பூப்பெய்திய பெண் தனித்து வைக்கப்படும் காலத்தில் அவளிடம் தரப்படும் மவானா ஹிதி என்ற மரப்பாவையைக் கட்டுரையாளர் அழகாக விவரித்திருக்கிறார். கையும் காலும் இல்லாத, இருபிளவான கொண்டை மட்டும் துலங்கும் அந்தச் சிறு பாவையைப் பிள்ளையைப் போல எண்ணெய் பூசிப் பேணுவது அப்பெண்ணின் கடமை. பாவைக்கு மரம் வேண்டும். சடங்குக்கு ம்கோலே மரத்தடி வேண்டும். இரண்டையும் கொடுத்த காட்டின் மீது அக்கறையில்லாதவர்கள் என்று அதே மக்களைச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கரிமூட்டம் இல்லை என்று நான் வாதிடவில்லை. இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கரியை எரிப்பது யார்? 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 53 லட்சம் பேரைத் தாண்டிவிட்ட தாருஸ்ஸலாமின் அடுப்புகள்தான். மூட்டை மூட்டையாக அங்கே போகும் கரிக்கு மூட்டம் போடுபவன் கையில் கிடைப்பது சொற்பம். புகு குன்றுகளில் பிறக்கும் ம்சிம்பாசி ஆறு அதே நகரின் நடுவே ஓடிக் கடலில் கலக்கிறது; மேட்டில் மரம் குறையக் குறைய, மழைக்காலத்தில் ஜங்க்வானி போன்ற தாழ்வான பகுதிகளுக்கு வெள்ள அபாயம் கூடுகிறது. ஆகவே கணக்குக் கேட்பதென்றால் நகரத்திடமும் கேட்க வேண்டும்.

இக்கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடும் எண்ணம் இருந்தால், கோபல் வணிகத்தையும் 1905ஆம் ஆண்டு எழுச்சியையும் பற்றி ஒரு பக்கமேனும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்