ஜீவனாம்சத்துக்கு ரசீது: கேட்க வேண்டிய நேரம் எது?

ஆசிரியருக்கு,

குழந்தைக்காகத் தரும் ஜீவனாம்சப் பணத்துக்குத் தாய் மாதாமாதம் ரசீதோடு கணக்குக் காட்டவேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் பொய்யில்லை. மாதம் தவறாமல் பணம் கட்டியும், ஃபீஸ் பாக்கி என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவர் சொல்லும் வழி காரியத்துக்கு உதவாது. கணக்குப் பேச வேண்டிய நேரம் உத்தரவு எழுதப்படும் நேரம்தான். செலவான பிறகு பேசினால் வழக்குதான் நீளும்.

ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாகியிருக்கிறது. பணம் பெறுபவர் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டிலும் ஒரு வரிகூடக் கிடையாது. வெளிநாட்டில் எல்லாம் கேட்கிறார்களே என்பார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அங்கேயும் அதற்கான அவசியத்தை முதலில் நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். கணக்கும் இனி ஆகப்போகும் செலவுக்குத்தான்.

மாத ரசீது ஏன் பயன்படாது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. ஒரு குழந்தைக்கு மாதம் ரூ.10,000 என்று உத்தரவு. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.48,000, இரண்டு தவணை. வேன் மாதம் ரூ.1,500 வீதம் 11 மாதத்துக்கு ரூ.16,500. புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ ரூ.9,500. ஆகமொத்தம் ரூ.74,000, அதாவது மாதத்துக்குச் சுமார் ரூ.6,167. மிஞ்சும் ரூ.3,833-ல்தான் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், வாடகையில் குழந்தையின் பங்கு எல்லாம். வீட்டுக்கு வாங்கும் அரிசி மூட்டையில் குழந்தை சாப்பிட்டது எத்தனை கிலோ என்று எந்தக் கடைக்காரரும் பில் போட்டுத் தரமாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல், பணம் வரும் காலமும் செலவாகும் காலமும் ஒத்துப்போகாதது. மேலே சொன்ன கணக்கில் ஜூன் மாதம் மட்டும் முதல் தவணை ரூ.24,000, புத்தகம் யூனிஃபார்ம் ரூ.9,500, வேன் ரூ.1,500 என்று ரூ.35,000 தேவை. கையில் வருவது ரூ.10,000. தாய் வளையலை அடகு வைத்துக் கட்டுகிறார்; ஜூலை முதல் வரும் பணத்தில் அந்தக் கடனை அடைக்கிறார். அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள்: ஐந்தாம் தேதி ஜீவனாம்சம் வரவு, ஆறாம் தேதி நகைக்கடனுக்குப் பற்று. ‘பிள்ளைப் பணத்தில் நகை மீட்கிறாள்’ என்று எதிர்த்தரப்பு அந்த வரியைக் கோடிட்டுத் தாக்கல் செய்யும். ஸ்டேட்மென்ட்டில் ஒரு எழுத்தும் பொய்யில்லை; செலவு நடந்ததும் பிள்ளைக்காகத்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கட்டியிருந்த புடவை என்ன விலை என்று குறுக்கு விசாரணையில் கேட்பதெல்லாம் இதற்கு அடுத்த படி. அதனால் குழந்தைக்கு ஒரு பைசா லாபமில்லை.

உருப்படியாகச் செய்யக்கூடியது வேறு. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தாக்கல் செய்ய எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். குழந்தையின் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி, தேவையான கூடுதல் பயிற்சி வரை கணக்கில் எடுக்கலாம் என்றும், தாயும் போதிய அளவு சம்பாதித்தால் செலவை விகிதாசாரப்படி பகிரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கணக்குக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் நடப்பது என்ன? குழந்தைச் செலவு என்ற இடத்தில் ‘ரூ.20,000’ என்று மொட்டையாக ஒரு எண்ணை எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு அதை ‘மறுக்கப்படுகிறது’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் நீதிமன்றம் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. எதெதற்கு எவ்வளவு என்பது எங்கேயும் பதிவாவதில்லை.

பள்ளியின் கட்டண அட்டை, வேன் ரசீது, வாடகை ஒப்பந்தம், தொடர் சிகிச்சை இருந்தால் அதன் பில் ஆகியவற்றை இணைத்து, தலைப்பு வாரியாக எழுதிக் கொடுங்கள். பிறகு உத்தரவில் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக் கட்டணத்தை, தவணை தேதிக்குள், தகப்பனே நேரடியாகப் பள்ளிக் கணக்கில் கட்டி ரசீது நகலைத் தாய்க்கு அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. அன்றாடச் செலவுக்கான மாதத் தொகை தனியாக, இன்ன தேதிக்குள், இன்ன வங்கிக் கணக்கில் என்பது இன்னொன்று; அதற்கு ரசீது பேச்சே வேண்டாம். மருத்துவமனைச் செலவு போன்ற எதிர்பாராதவை எந்த விகிதத்தில், பில் கொடுத்து எத்தனை நாளுக்குள் என்பது மூன்றாவது. கூடவே, மனைவிக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். விவாகரத்தான மனைவி மறுமணம் செய்தால் 144-வது பிரிவின்கீழ் அவருடைய உரிமை முடிகிறது; குழந்தையின் உரிமை முடிவதில்லை. ஒரே தொகையாக இருந்தால் அன்றைக்கு எதைக் கழிப்பது என்று புது வழக்கு தொடங்கும்.

பணம் கட்டுபவர்கள் செய்யும் தவறுகளும் கொஞ்சமில்லை. நீதிமன்றத்தைக் கேட்காமல் தானாகவே பள்ளிக்குக் கட்டிவிட்டு மாதத் தொகையில் கழித்துக்கொள்வது முதல் தவறு. அந்தக் கழிவை நீதிமன்றம் ஏற்கும் என்று நம்ப முடியாது. சைக்கிள், டேப்லெட், பிறந்தநாள் உடை எல்லாம் பரிசுக் கணக்கு. கையில் ரொக்கமாகக் கொடுத்தது கொடுக்காததற்குச் சமம். வங்கி மூலமே அனுப்புங்கள். யூபிஐ-யில் குறிப்பு எழுதும் இடத்தில் எந்த மாதத்துக்கானது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘கணக்குக் காட்டட்டும், தருகிறேன்’ என்று நிறுத்திவைப்பது. நியாயமான காரணமில்லாமல் கட்டாமல் இருந்தால் அபராதத் தொகையைப் போல வாரண்ட் மூலம் வசூலிக்கலாம். பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி தீராது. பெறுபவர்களும் கவனிக்க வேண்டும்: ஒரு மாதத் தொகைக்கு வாரண்ட் கேட்பதானால் அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

குழந்தையை உண்மையிலேயே கவனிக்காமல் விட்டிருந்தால்? அதற்கு அடையாளம் புடவையில் இல்லை. ஃபீஸ் பாக்கி, தொடர்ந்து பள்ளிக்கு வராதது, தடுப்பூசி தவறியது, குழந்தை வேறு யாரோ வீட்டில் வளர்வது, இவைதான் பார்க்க வேண்டியவை. பெற்றோர் என்ற முறையில் பள்ளியில் எழுத்துமூலம் கேட்டு வருகை விவரமும் கட்டண நிலுவையும் வாங்குங்கள். அதைக் காட்டி, உத்தரவை மாற்ற அதே சன்ஹிதாவின் 146-வது பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். இந்து திருமணச் சட்ட வழக்காக இருந்தால், குழந்தையின் பராமரிப்பு, கல்வி பற்றிய உத்தரவை அவ்வப்போது மாற்ற 26-வது பிரிவு இடம் தருகிறது. பணத்தைக் குறைக்கச் சொல்லாமல், கொடுக்கும் முறையை மாற்றச் சொல்லிக் கேட்டால் மனு எடுபட வாய்ப்பு அதிகம்.

கணக்கு கண்டிப்பாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு; அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் குழந்தைக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை கைமாறுவது. மாதாமாதம் வரும் பணம் தவறான வழியில் போனால் ஒரு மாதத்தோடு போகும். மொத்தத் தொகை போனால் பதினெட்டு வயது வரைக்குமான பணம் போய்விடும். அந்தத் தொகையில் குழந்தையின் பங்கைத் தேசிய வங்கியில் குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போடுவது, வட்டியை மட்டும் காப்பாளர் எடுப்பது, நீதிமன்ற அனுமதியில்லாமல் முதிர்வுக்கு முன் உடைக்கக்கூடாது என்பது, இந்த மூன்றும் சமரச ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். உத்தரவின் நகலை வங்கிக் கிளையில் கொடுத்துக் கணக்கில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே தெரியாது.

இப்படிக்கு,
குடும்பநல வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை